இலவசமாகக் கீறித் தரப்படும்

ஒரு வெள்ளைத் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "தயவுசெய்து காரைக் கழுவ வேண்டாம். துடைக்கவும் வேண்டாம்." கீழே அதையே ஆங்கிலத்தில். அதற்கும் கீழே இந்தியில், தெருமுனைப் பானிபூரிக்காரரிடம் காட்டிப் பிழை திருத்தி. வாழ்நாள் முழுக்க இருமொழிக் கொள்கையில் பிடிவாதமாக நின்றவன், ஒரு முடியின் தடிமன்கூட இல்லாத வார்னிஷுக்காக மும்மொழிக் கொள்கைக்குத் தாவினேன். அந்தத் துரோகத்துக்குக் கிடைத்த தண்டனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாளைக் கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் செருகினேன். சர்வீஸ் அட்வைசரிடம் வாயாலும் சொன்னேன். ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன், எழுதினார். "கவலையே படாதீங்க சார், ஃப்ளோர்ல சொல்லிடுறேன்" என்றார். கவலைப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து கவலைப்பட வேண்டும் என்பது ஐம்பது வயதில் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் போனேன். தலை துவட்டாத பிள்ளை மாதிரி கார் சொட்டச் சொட்ட நின்றது. தாளைக் காணோம். கதவைத் திறந்தால் டாஷ்போர்டின் மேல் இருக்கிறது, நாலாக மடித்து, ஓரம் நீவி, அழகாக. கழுவும்போது நனைந்துவிடக் கூடாது என்று எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். தாளில் ஒரு கசங்கல் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட தடம் இல்லை.

"ஏன் தம்பி கழுவினீங்க?"

"ஃப்ரீதான் சார்."

இந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். நான் காசைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனால் ஒரு தமிழன் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காசு ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும் என்று அந்த நிறுவனம் முடிவு கட்டி வைத்திருக்கிறது. 2015-இல் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமரே கேட்டார், விட்டுக்கொடுக்க முடிந்தது. இந்த வாட்டர் வாஷை மட்டும் விட்டுக்கொடுக்க வழியில்லை. மறுக்க முடியாத தானத்துக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. வரி என்போம்.

காலையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் மாலையில் நடந்ததன் மகிமை புரியாது.

காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அட்வைசர் ஒரு டேப்லெட்டோடு வந்தார். அதில் என் காரின் பொம்மைப் படம், நாலு பக்கமும் விரித்துப் போட்ட மாதிரி. காரை வலம் வந்தார். அடகுக் கடையில் நகையை உரசிப் பார்ப்பவரின் கண் அவருக்கு. பின் பம்பரில் ஒரு கோடு, வட்டம். இடது கதவில் ஊசி முனை அளவு ஒரு புள்ளி, வட்டம். குனிந்தார், செல்போன் டார்ச் அடித்தார், விரலால் தடவினார். "சார், இங்க ஒண்ணு இருக்கு, பாத்துக்குங்க" என்று பானெட்டைக் காட்டினார். "அது எறும்பு தம்பி" என்றேன். எறும்பு நகர்ந்து போகும்வரை காத்திருந்து உறுதி செய்துகொண்டுதான் அடுத்த பக்கம் போனார். எல்லாம் முடிந்ததும் பொம்மைப் படம் அம்மை போட்ட குழந்தை போல இருந்தது. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்.

ஆக, கோடு என்றால் என்ன என்று இவர்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கீறலையும் காலை ஒன்பது மணிக்கு இவர்களால் பார்க்க முடிகிறது. சாயங்காலம் ஆறரைக்குத்தான் பார்வை மங்கிவிடுகிறது. வரும்போது பொம்மைப் படம் உண்டு, போகும்போது கிடையாது. அடகுக் கடைக்காரர்கூட மீட்கும்போது நகையை நம் முன்னால் எடை போட்டுக் காட்டிவிட்டுத்தான் தருவார்.

ஆறரை மணி என்பதும் தற்செயல் என்று நான் நம்பவில்லை. கீறல் காட்டிக்கொடுப்பது நேர் வெயிலில். டியூப்லைட்டின் பரவலான வெளிச்சத்தில் அது பதுங்கிக்கொள்ளும். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பி மேற்பரப்பைச் சமமாக்கிவிடுவதால் ஈரத்தில் சுத்தமாக மறைந்தே போகும். அந்தியில், ஈரத்தோடு, கூரைக்குக் கீழே ஒரு காரைத் திருப்பித் தருகிறவருக்கு ஒளியியல் தெரியாது என்று நினைக்கிறீர்களா?

மறுநாள் காலை பத்து மணி வெயிலில் வாசலுக்கு வந்து பார்த்தேன். பானெட்டில் சூரியன் தெரிந்தது. சூரியனைச் சுற்றிலும் ஒட்டடை. தலையை அசைத்தால் சிலந்திவலையும் கூடவே நகர்ந்தது. கீறல்கள் எல்லாத் திசையிலும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஒளி விழும் கோணத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் வளைய வளையமாகத் தெரிகின்றன. என் கார் கறுப்பு. "கறுப்பு வண்டி ராசியில்லடா" என்று வாங்கும்போதே பெரியம்மா சொன்னார். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். கண் படாமல் காத்த எலுமிச்சை, கை படாமல் காக்கவில்லை.

ஒரு காருக்குப் பெயின்ட் அடிப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். ஆத்திரம் நியாயமானதுதான் என்று உங்களுக்கே படும்.

வெறும் இரும்புக் கூடாக வரும் உடலைக் குளிப்பாட்டி, மின்சாரம் பாய்ச்சிய பெயின்ட் தொட்டிக்குள் முழுக்காட்டுகிறார்கள். துருப் பிடிக்காமல் இருக்க முதல் அடுக்கு அது. அதன்மேல் பிரைமர். அதன்மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் படலம், கிளியர் கோட். பளபளப்பு என்று நாம் சொல்வது, வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது எல்லாம் அதுதான். சுமார் 140 டிகிரிச் சூட்டில் அதை வேகவைக்கிறார்கள். பெயின்ட் அறைக்குள் வருகிறவர்கள் நூல் உதிராத உடை போட்டிருப்பார்கள். உள்ளே வரும் காற்றையே வடிகட்டி அனுப்புவார்கள். சில ஆலைகளில் பெயின்ட் அடிக்குமுன் உடலில் ஒட்டிய தூசியை எடுக்க நெருப்புக்கோழி, ஈமு இறகுகள் பொருத்திய உருளைகளை ஓடவிடுகிறார்கள். துணியைவிட இறகு மென்மை என்பதால்.

இத்தனை வைபவத்துக்குப் பிறகு நாலு அடுக்கும் சேர்ந்து எவ்வளவு தடிமன்? பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் 35 முதல் 50 வரை. ஒரு தலைமுடி சுமாராக 70 மைக்ரான். அதாவது இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய காரின் அழகு முழுவதும் அரை முடி அளவுத் தோலில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரே ஏழு வருடத் தவணையில் ஓடுகிறது. என் கணக்கில் அந்த மேல் தோல் கடைசித் தவணைக்கும் அப்புறம்தான் எனக்குச் சொந்தமாகும். அதற்குள் அது இருக்காது.

நெருப்புக்கோழி இறகில் தொடங்கிய அந்தப் பயணம் எங்கே முடிகிறது என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. அடுத்த சர்வீஸுக்குப் போனபோது வாஷிங் பே எங்கே என்றேன். கஸ்டமருக்கு அனுமதி இல்லை, பாதுகாப்புக் காரணம் என்றார்கள். யாருடைய பாதுகாப்பு என்று சொல்லவில்லை. ஏ.சி. அறையில் உட்காரவைத்தார்கள். காபி மிஷின், டி.வி., பெரிய கண்ணாடிச் சுவர். கண்ணாடி வழியே எல்லாம் தெரியும், கழுவும் இடம் தவிர. டாய்லெட் எங்கே என்று கேட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போனேன்.

ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் காபித் தூள் போட்ட மாதிரித் தண்ணீர். அதில் ஒரு பஞ்சு. முதலில் வீல், பிறகு கதவுக்குக் கீழ்ப்பக்கம், பிறகு அதே பஞ்சு, அதே வாளி, பானெட். சென்னை ரோட்டில் கிடப்பது பூந்தாது இல்லை. கட்டுமான மணல், எம்-சாண்ட், மெட்ரோ தோண்டிய மண். மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. இரும்புக் கத்தியையே கீறும். அந்தப் பஞ்சு பானெட்டில் வட்டம் வட்டமாகச் சுற்றியபோது அது கழுவுவதாக எனக்குத் தோன்றவில்லை, உப்புத்தாள் தேய்ப்பதாகத்தான் தோன்றியது. தண்ணீர் போர்வெல் தண்ணீர், சுண்ணாம்புக் கரைசல். வெயிலில் காய்ந்தால் அதுவே வெள்ளைப் பொட்டாக உறைந்து நிற்கும். துடைப்பதற்கு மூட்டையிலிருந்து எடுத்தார்கள் பனியன் வேஸ்ட். திருப்பூரில் உள்ளாடையாகத் தேறாமல் போன துணி, தையல் முடிச்சோடும் லேபிளோடும், காருக்கு மேலாடையாக ஊழியம் செய்கிறது. அங்கே நெருப்புக்கோழி, இங்கே கழித்த ஜட்டி. இடையில் இருப்பது ஒரு ஷோரூம்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேன்ட்டை முழங்கால்வரை மடித்திருந்தான். காலில் ரப்பர் பூட்ஸ் இல்லை. தண்ணீரிலேயே ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அன்றைக்கு எத்தனை கார் என்று கேட்டேன். "யே பத்தீஸ்வா" என்றான். பானிபூரிக்காரர் புண்ணியத்தில் புரிந்தது. முப்பத்திரண்டாவது. மணி நாலுகூட ஆகவில்லை. ஒழுங்காக ஒரு காரைக் கழுவ வேண்டுமென்றால் முதலில் தொடாமல் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்க வேண்டும், நுரை போட்டு ஊறவிட வேண்டும், ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொரு வாளியில் அலசத் தண்ணீர், சுத்தமான மைக்ரோஃபைபர், வீலுக்கு வேறு துணி. அவசரப்படாமல் செய்தால் ஒரு மணி நேரம். அவனுக்குக் கொடுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடமும் ஒரு வாளியும். இரண்டாவது வாளியின் விலை என்ன? இருநூறு ரூபாய்? கோடிக்கணக்கில் போட்டுக் கண்ணாடி மாளிகை கட்டியவர்களிடம் அந்த இருநூறு ரூபாய் இல்லை. என் காரைக் கீறியது அந்தப் பையன் இல்லை. வாங்காத அந்த இரண்டாவது வாளிதான் கீறியது.

திரும்பி வந்து மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள். அவர் வழுவழுப்பாகவே வந்தார்.

"சார், இது ஸ்க்ராட்ச் இல்ல, ஸ்வர்ல் மார்க். நேச்சுரல்."

"மழை நேச்சுரல். வயசாறது நேச்சுரல். இது எப்படி நேச்சுரல்?"

"எல்லா கறுப்பு வண்டியிலயும் இருக்கும் சார்."

"எல்லா கறுப்பு வண்டியையும் நீங்கதானே கழுவுறீங்க?"

அவர் சிரித்தார். வாடிக்கையாளர் நகைச்சுவையாகப் பேசினால் சிரிக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பிறகு பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். "நம்ம ரோட்டப் பத்தி உங்களுக்குத் தெரியாததா சார்? ஆட்டோக்காரன் இடிப்பான், பைக்காரன் உரசுவான். அதுல விழாத கோடா?"

இந்த வாதத்துக்குத் தமிழ்நாட்டில் பெரிய மதிப்பு உண்டு. எங்கும் நடப்பதால் இங்கும் நடக்கலாம். தெருவில் பிக்பாக்கெட் இருக்கிறான் என்பதற்காக வங்கிக் காசாளர் என் சட்டைப்பைக்குள் கையை விடலாமா? ஆட்டோக்காரர் என் காரை உரசினால் அவர் என்னிடம் பில் நீட்டுவதில்லை. உரசிவிட்டு, சிரித்து, சர்க்கரை போடாத காபி கொடுத்து, கியூ.ஆர். கோடு காட்டி, "எவ்வளவு திருப்தி சார்?" என்று கேட்பதில்லை. ஆட்டோக்காரரிடம் இருக்கும் அந்த நேர்மையாவது வேண்டாமா?

"வேணும்னா ஒரு வழி இருக்கு சார்" என்றார் மேலாளர். குரல் தாழ்ந்தது. மருத்துவமனையில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றும்போது வருமே, அந்தக் குரல். "ரப்பிங் பாலிஷ் போட்டு, மேல ஒரு பெயின்ட் ப்ரொடெக்‌ஷன் குடுத்துடலாம்."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்று நம் ஊரில் பழமொழி உண்டு. அந்தக் காலத்தில் ஆட்டுவதாவது இலவசமாக இருந்தது. இங்கே கிள்ளுவது இலவசம், ஆட்டுவதற்கு மட்டும் தனிக் கட்டணம், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு.

அந்தத் தொட்டிலையும் கொஞ்சம் ஆட்டிப் பார்ப்போம். முதலில் ரப்பிங். கீறலின் ஆழம்வரை சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்கினால் கீறல் காணாமல் போகும். மேட்டை வெட்டிப் பள்ளத்தை மறைப்பது. அரை முடி அளவுத் தோலில் ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும். போனது முளைக்காது. ஒவ்வொரு சர்வீஸிலும் கிள்ளி, ஒவ்வொரு சர்வீஸிலும் ஆட்டினால், கடைசியில் தொட்டில் இருக்கும், பிள்ளை இருக்காது.

அடுத்தது டெஃப்லான் கோட்டிங். 1938-இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் குளிர்சாதன வாயுவை ஆராயப் போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் அது. அதன் புகழே எதுவும் ஒட்டாது என்பதுதான். எதுவும் ஒட்டாத பொருள் என் பானெட்டில் மட்டும் எப்படி ஒட்டும் என்று கேட்டேன். "ஸ்பெஷல் ஃபார்முலா சார்." அது உருகுவதற்கே 327 டிகிரி வேண்டும். தோசைக்கல்லில் அதை ஒட்டவைப்பது அதற்கும் மேற்பட்ட சூட்டில்தான். அந்தச் சூட்டில் காரை வைத்தால் பெயின்ட் கருகும், பிளாஸ்டிக் பம்பர் உருகி ஓடும், அட்வைசர் மட்டும் மிஞ்சுவார். ஷெட்டில் பஞ்சால் தடவித் துடைக்கும் அந்தக் குழம்பு பெரும்பாலும் மெழுகு செய்யும் வேலையைத்தான் செய்கிறது. சில வாரம் மினுக்கும், பிறகு மழையோடு போய்விடும். மெழுகுக்கு மெழுகு விலை கேட்டால் நான் கொடுத்துவிட்டுப் போகிறேன். தோசைக்கல்லின் பெயரைச் சொல்லி ஏன் தங்கத்தின் விலை கேட்கிறீர்கள்?

அதற்கும் மசியாவிட்டால் செராமிக். "9 எச் ஹார்ட்னஸ் சார்!" ஒன்பது என்றதும் நமக்கு மோஸ் அளவுகோல் ஞாபகம் வரும். அங்கே ஒன்பது என்பது மாணிக்கமும் நீலமும். ஆனால் இந்த 9 எச் அந்த ஒன்பது இல்லை. பென்சில் கணக்கு. எச்.பி., 2 எச் என்று பள்ளிக்கூடத்தில் வாங்கினோமே, அந்த வரிசையில் கடைசிப் பென்சில். அதை வைத்து அழுத்தி இழுத்தால் கோடு விழாது, அவ்வளவுதான். மணலுக்குப் பென்சில் பரீட்சை தெரியாது. நல்ல செராமிக் பூச்சு உபயோகமானதுதான், மறுக்கவில்லை. தண்ணீர் நிற்காமல் வழியும், பறவை எச்சம் சட்டென்று அரிக்காது, கழுவுவது சுலபமாகும். ஆனால் அந்த ஒற்றை வாளியிலிருந்து அது காப்பாற்றாது. அந்த வாளிக்கு எதிராகத்தான் அதை விற்கிறார்கள், அந்த வாளியாலேயே அதையும் கழுவுகிறார்கள். இந்தத் தொழிலில் இதற்கு வி.ஏ.எஸ். என்று பெயர், மதிப்புக் கூட்டிய சேவை. மாதா மாதம் அட்வைசருக்கு இத்தனை என்று டார்கெட். மதிப்பு யாருக்குக் கூடுகிறது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பினேன். எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், வாகனம் உரிமையாளரின் பொறுப்பிலேயே விடப்படுகிறது என்று இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டார்கள், காரை வாங்கிக்கொண்டார்கள், பணத்தை வாங்கிக்கொண்டார்கள், பொறுப்பை மட்டும் திருப்பித் தந்துவிட்டார்கள்.

இதற்குப் பதில் 1872-இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அப்போது இந்த நாட்டில் மோட்டார் காரே கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: இன்னொருவரின் பொருளை ஒரு காரியத்துக்காக வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலாளரின் கார் வெளியே நின்றது. அதன்மேல் பஞ்சுத் துணி உறை போட்டிருந்தது. 151-ஆம் பிரிவை அவர் படிக்காமலே பாதி கடைப்பிடிக்கிறார்.

டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 1998-இல் வாலே பார்க்கிங்குக்குக் கொடுத்த மாருதி ஜென் ஒன்று திருடு போனது. பார்க்கிங் சீட்டில் அச்சடித்திருக்கிறோம், உரிமையாளர் பொறுப்பு என்றது ஓட்டல். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: காரைக் கையில் வாங்கியபின், தன் அலட்சியத்துக்கான பொறுப்பை ஒரு சீட்டில் அச்சடித்த வாசகத்தைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. இருபத்தொரு வருடம் ஆனது. ஜென் தயாரிப்பே அதற்குள் நின்றுபோனது. ஆனால் தீர்ப்பு இருக்கிறது. நான் இதைச் சொன்னதும் மேலாளர் நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றினார். "லீகலா போறீங்களா சார்?" என்றார். ஒரு வாளி வாங்க முடியாத இடத்தில் ஒரு வக்கீல் எப்போதும் தயாராக இருக்கிறார்.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நான் பட்டுத் தெளிந்ததைச் சொல்கிறேன். சர்வீஸுக்கு விடுமுன் வெயிலில் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள், பேச்சோடு சேர்த்து. அவர்களுக்குப் பொம்மைப் படம் என்றால் நமக்கு நிஜப் படம். கழுவ வேண்டாம் என்பதை ஜாப் கார்டில் எழுதவைத்து, அதைப் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அட்வைசருக்கே அனுப்புங்கள். வாய் வார்த்தை ஃப்ளோர் வரை போய்ச் சேராது, நடுவில் கரைந்துவிடும். பானெட்டைத் திறந்தால் பக்கவாட்டில் ஃபெண்டர் கவர் போடச் சொல்லுங்கள். பெல்ட் பக்கிள் உரசுவது கீறல்களிலேயே ஆழமான ரகம். டெலிவரியைப் பகலில் கேளுங்கள். இருட்டினால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். ஈரமான காரை வாங்காதீர்கள். பார்ப்பதற்குமுன் திருப்தி என்று கையெழுத்துப் போடாதீர்கள். புதுக் கோடு தெரிந்தால் கேட் பாஸ் வாங்குமுன் அங்கேயே எழுதிக் கொடுங்கள். காவலாளி சீட்டை வாங்கிச் சங்கிலியை இறக்கிய நொடியில் அந்தக் கோடு ஆட்டோக்காரர் தலையில் விழுந்துவிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. எண்ணெய் மாற்றக் காரை விட்டுவிட்டு வர, குற்றம் நடந்த இடத்துக்குத் தடயவியல் நிபுணர் போகிற மாதிரி அல்லவா போக வேண்டியிருக்கிறது?

வண்ணத்தில் ஒரு கோடு, அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சோற்றுக்கில்லாத ஊரில் கிளியர் கோட் கவலையா என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அந்தக் கட்டடத்துக்குள் என் காருக்கு நடப்பதில் என் கண்ணுக்குத் தெரிவது பெயின்ட் ஒன்றுதான். எண்ணெயை மாற்றினார்களா, ஏர் ஃபில்டரை ஊதிவிட்டுப் பழையதையே செருகினார்களா, பிரேக் பேடைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களா, பில்லில் மட்டும் சுத்தம் செய்தார்களா, எனக்குத் தெரியாது. அவையெல்லாம் ஊமைகள். பெயின்ட் மட்டும்தான் வெயிலில் நின்று சாட்சி சொல்லும். மூன்று மொழியில் எழுதி, வாயால் சொல்லி, ஜாப் கார்டில் ஏற்றி, கண்ணெதிரே தெரியும் ஒரு விஷயத்தில் இவ்வளவுதான் கவனம் என்றால், கண்ணுக்குத் தெரியாத பிரேக்கில் எவ்வளவு இருக்கும்? அந்தக் காரில்தான் என் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். பானெட்டில் நான் பார்த்த சிலந்திவலை அழகுப் பிரச்சினை இல்லை. உள்ளே நடப்பதன் எக்ஸ்ரே.

மேலாளரைப் பார்த்துவிட்டு வந்த மூன்றாம் நாள் போன் வந்தது. அட்வைசர்தான். "சார், கம்பெனியிலிருந்து ஃபீட்பேக் கால் வரும். பத்துக்குப் பத்து குடுத்துடுங்க சார். ஒன்பது குடுத்தாக்கூட எங்களுக்கு ஃபெயில்தான் சார், இன்சென்டிவ் போயிடும்." குரலில் நடிப்பு இல்லை. வாளி வாங்காத முதலாளிக்கு நான் போடும் பூஜ்யம் இந்த அட்வைசரின் சம்பளத்தில் போய் விழும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கீழே யாரையாவது நிறுத்தி, நம் கோபத்தை அவன் முதுகில் வாங்கிக்கொண்டு, மேலே கண்ணாடி மாளிகை கோடு விழாமல் நிற்கிறது. அந்தக் கட்டடத்தில் பெயின்ட் ப்ரொடெக்‌ஷன் உண்மையாகவே வேலை செய்வது அந்த ஒரு இடத்தில்தான்.

கால் வந்தது. தேன் தடவிய ஒரு குரல் கேட்டது: "எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு மதிப்பெண் தருவீர்கள் சார்?"

"நிர்வாகத்துக்குப் பூஜ்யம்."

"ஒன்றிலிருந்துதான் சார் இருக்கிறது."

பூஜ்யம் என்ற எண்ணையே பட்டியலிலிருந்து எடுத்துவைத்திருக்கிறார்கள்.

"அப்படியானால் ஒருவருக்கு மட்டும் பத்து போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். "போன சர்வீஸில் என் தாளை நனையாமல் எடுத்து, நாலாக மடித்து, நீவி வைத்தாரே, அவருக்கு. உங்கள் இடத்தில் என் பொருளைப் பொறுப்போடு கையாண்டவர் அவர் ஒருவர்தான். பேர் தெரிந்தால் சொல்லுங்கள்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் சொன்னது: "அதற்கு இதில் கட்டம் இல்லை சார்."